நாற்பது துகள்கொசுக்கள்

காலையில் எழுந்ததும் யாழிசை முதலில் பார்ப்பது ஏசிக்கு அடியில் வைத்த வாளியைத்தான். இரவெல்லாம் சொட்டிய தண்ணீர் முக்கால் வாளி நிறைந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். தொடர்ந்து ஊற்றினால் பிங்கிச் செடி அழுகிவிடும். பாடப்புத்தகத்தில் அதற்கு வெண்ணெயிலைச் செடி என்று பெயர். இலை, வெண்ணெய் பூசியது போல மினுங்கும். அந்தப் பசையில் உட்காரும் பூச்சி எழுந்ததில்லை.

தட்டுகளில் தண்ணீர் விட்டபின் சன்னலோர மணல்பெட்டியைப் பார்த்தாள். மூன்று வாரம் முன்பு, வெள்ளை அடி முறியாமல் மெல்ல ஆட்டிப் பிடுங்கிக் கிடத்திய இலைகள். ஒவ்வொன்றின் அடியிலும் அரிசி அளவில் ஒரு குட்டி. இப்படித்தான் நான்கு செடிகளை நூற்றுப்பத்தாக்கியிருந்தாள்.

இலைகளில் ஒட்டும் கொசுக்களை எண்ணும் சுவர்க் கருவி, ஒட்டெண்ணி, விழித்தது. “நேற்று ஒட்டியவை பதினொன்று.”

நாற்பது வேண்டும். அதுவும் தொடர்ந்து முப்பது நாள்.

அடுத்த வீட்டில் குழந்தை அழுதது. யாழிசை சன்னலை அறைந்து சாத்தினாள்.

“அதுக்கு ஏன் சன்னல் மேல கோபம்?” என்றான் கவின், அவள் கணவன். “நம்ம வீட்ல கொசுவே இல்லை. அதுதானே நமக்கு வேணும்?”

“இல்லாத கொசு ஒட்டெண்ணிக்குத் தெரியாதுங்க. ஒட்டினதுதான் தெரியும்.”

மூன்று முறை மனு போட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்: குறைந்த எண்ணிக்கை, குறைந்த காப்பு.

பெருவெள்ளத்துக்குப் பின் வந்தது துகள்கொசு. எந்த மருந்துக்கும் சாகவில்லை. அது தரும் காய்ச்சலில் பெரியவர்கள் மூன்று நாள் படுத்து எழுவார்கள், கைக்குழந்தைகள் எழுவதில்லை. அதனால் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காப்பகத்துக்குப் போகும். வீட்டுச் செடிகள் காவல் காக்கின்றன என்று ஒட்டெண்ணி சொன்னால்தான் வீட்டுக்கு வரும். காப்பகத்தில் இருக்கும் யாழிசையின் மகள் இதழிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. அடுத்த வீட்டுத் தன்ஷிகாவின் மகன் அவளுக்குப் பின் பிறந்தவன். வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது.

யாழிசையால் பொறுக்க முடியாதது அதுதான். தன்ஷிகாவிடம் முப்பது செடிகூட இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றி, மண்ணில் வெள்ளைப் பொருக்குப் படியவிட்டிருந்தாள். வெளிறிய, பாதி காய்ந்த இலைகள். ஆனால் தினம் ஒட்டுவது ஐம்பதுக்குக் குறைவதில்லை. ஏதோ நல்ல ரகம் என்று யாழிசை முடிவு செய்திருந்தாள். அன்று கூச்சத்தை விட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, ஒரே ஒரு இலை குடுங்க.”

தன்ஷிகாவின் கண்கள் சிவந்து கிடந்தன. “எங்கிட்டயா? தோட்டக்காரி நீ. ஊரே உன் செடியப் பார்க்க வருது.”

“பார்க்க வர்றாங்க. கொசுதான் வரமாட்டேங்குது. நேத்தும் பதினொன்னுதான்.”

தன்ஷிகா சிரிக்கவில்லை. “எடுத்துக்கோ. சீக்கிரம் போயிடு.”

இலையின் அடியைப் பற்ற யாழிசை குனிந்தாள். செடித் தட்டுக்குக் கீழே ஈரச் சாக்கு மூடிய ஒரு தொட்டி. அழுகிய வாழைப்பழ நாற்றம். சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள். ஊறிய நார்த்தூளும் காய்கறித் தோலும். அதிலிருந்து சாம்பல் பறப்பது போல ஒரு கூட்டம் எழுந்து, நேரே இலைகளில் போய் ஒட்டியது.

“வளர்க்கறீங்களா?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? உன்னை மாதிரி பதினொன்ன வெச்சுக்கிட்டு உட்காரச் சொல்றியா?”

அறை நடுவில் மூன்று மடிப்பு மல்துணிக் கூடாரம். உள்ளே குழந்தை. தன்ஷிகா வெளியே உட்கார்ந்து துணிமேல் கையை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அதே இடத்தில் வந்து அழுத்தியது.

“ஐஞ்சு வாரமா வெளிய எடுக்கல. பால் பீய்ச்சிக் குழாய்ல குடுக்கறேன். எண்ணிக்கை விழுந்தா திரும்பக் கொண்டு போயிடுவாங்க. சொல்லிடாத, யாழ். உன் கால்ல வேணாலும் விழறேன்.”

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். நாளை அந்தக் குழந்தையும் காப்பகத்தில் இருக்கும். அந்த நினைப்பு ஒரு நொடி இனித்தது. யாழிசை அதை மறுக்கவில்லை.

ஆனால் அவள் பார்வை அந்தச் சின்னக் கையிலேயே நின்றது. துணியில் ஐந்து விரலும் தனித்தனியே புடைத்துத் தெரிந்தன. காப்பகத்தில் வாரம் அரை மணி நேரம் இதழியைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். கண்ணாடியில் சூடு தெரியாது.

“சூடு தெரியுதாக்கா?” என்றாள்.

“தெரியுது.”

யாழிசை இலையை விட்டுவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டாள். இரண்டு கை நிறைய நார்த்தூளை அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செடித் தட்டின் கீழே முடிச்சை அவிழ்த்தபோது ஒன்று மணிக்கட்டில் உட்கார்ந்து கடித்தது. அடிக்க மறு கை உயர்ந்தது. எண்ணிக்கையில் ஒன்று குறையும். கையை இறக்கிக்கொண்டாள். கடிக்கும் அந்தத் துகளைக் கலைக்காமல், மூச்சை அடக்கி, மணிக்கட்டை மெதுவாக இலையின் பக்கம் கொண்டு போனாள்.