வலது மடிப்பு மேலே

கைக்குட்டை உள்ளே போகவில்லை. ஒவ்வொரு கோடைத் திருவிழாவிலும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தியதும் ஹிசானோ வலது கையால் அதை மார்பு மடிப்புக்குள் செருகிக்கொள்வாள். இன்று அந்தப் பக்கம் திறப்பே இல்லாமல் துணி விரலைத் தடுத்தது. கஞ்சி விறைப்பு என்று நினைத்துக்கொண்டாள். உடுத்திவிட்டவள் தோழி கனாயே. பள்ளி நாளிலிருந்தே, பொத்தான் இல்லாத எதையும் உனக்குப் போடத் தெரியாது என்று கேலி செய்துகொண்டே கட்டிவிடுவாள். இன்று கேலி இல்லை. கண்ணாடி பார்க்கவும் விடாமல், நேரமாயிற்று என்று இழுத்து வந்துவிட்டாள்.

போன கோடை வரை அவர்கள் மூன்று பேர். மூன்றாமவள் மிட்சு, திருவிழா நடக்கும் இதே ஆற்றில் விழுந்தாள். ஆள் கூப்பிடாமல் இருவரும் ஓடிவிட்டு, அவளோடு வரவே இல்லை என்று சேர்ந்து பொய் சொன்னார்கள். அன்றிலிருந்து இருவர் வீட்டிலும், வாசலுக்குள் கழற்றி வைத்த செருப்பில் காலையில் ஆற்றுத் தண்ணீர் நிற்கிறது. வர வர அது வாசலிலேயே கணுக்கால் அளவுக்கு ஏறி நிற்கிறது. இறந்தவர்கள் வீடு வந்து தங்கிப்போகும் நாட்களில் இன்று கடைசி நாள்.

"ஆத்துல விளக்கு விட்டாச்சுன்னா மிட்சு போயிடுவா இல்லடி?"

"போயிடுவா," என்றாள் கனாயே. "இந்த வருஷத்தோட சரி."

அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. சுட்ட சோளத்தின் கருகல் வாசனையும் ஈரக் கல்லின் பாசி வாசனையும் கலந்து வர, கரையோரக் கூட்டத்துக்குள் இருவரும் கைகோத்து இறங்கினார்கள். கூட்டம் ஹிசானோவுக்கு மட்டும் விலகி வழிவிட்டது. ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். எதற்கு என்று ஹிசானோவுக்கு விளங்கவில்லை.

சோளம் விற்கிறவள் விசிறியைக் கீழே வைத்தாள். "யாரும்மா உனக்குக் கட்டிவிட்டது?"

"என் சிநேகிதி."

"வலது மடிப்ப மேல போட்டிருக்காளே. பொணத்துக்குத்தாம்மா அப்படிக் கட்டுவோம்."

தெரியாமல் கட்டியிருப்பாள் என்று சொல்ல ஹிசானோ வாயெடுத்தாள். பத்து வருடமாக ஒருமுறைகூடத் தவறாத கை அது.

கோத்திருந்த கை குளிர்ந்திருந்தது. ஈரமாக. கனாயேயின் கை அல்ல.

கனாயே மேலே, கரைப் படிக்கட்டின் உச்சியில் நின்றாள். எப்போது விட்டுப் போனாள்?

"கனாயே, இறங்கி வாடி. பயமா இருக்கு."

"ரெண்டு பேர்ல ஒருத்தி போதும்னு மிட்சு சொன்னா, ஹிசா," என்றாள் கனாயே. குரல் உடைந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை.

இப்படிக் கூட இருந்தே குழி பறிப்பாள் என்று ஹிசானோ நினைத்ததில்லை. நெஞ்சு எரிந்தது. மிட்சுவுக்கும் அன்று இப்படித்தான் எரிந்திருக்கும்.

திருவிழா மேளம் நின்றது. சோளக்காரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றில் விளக்குகள். கணுக்காலில் தண்ணீர். அவள் எங்கும் நகரவில்லை. தண்ணீர்தான் வந்திருந்தது.

எதிரே ஒரு யுகாத்தா. சொட்டச் சொட்ட. வலது மடிப்பு மேலே.

படிக்கட்டின் உச்சியில் கனாயே இரு கையும் கூப்பி, கண்ணை மூடி, ஹிசானோ இருந்த பக்கம் தலை குனிந்தாள்.

இடப்பக்கத் திறப்பில், மார்பு மடிப்புக்குள், ஒரு ஈரக் கை தடையில்லாமல் நுழைந்தது.