பொட்டு ஒட்டிய சுவர்

மிளகாய் வத்தலை வறுக்கும்போது யாரோ இருமினார்கள்.

முருகலட்சுமி கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் அவளைத் தவிர ஆளில்லை. கொல்லையில் அவள் புருஷன் உக்கிரபாண்டி காய்ந்த மிளகாயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் இருமினால் தெருவுக்கே கேட்கும், இது அப்படியில்லை. தொண்டைக்குள்ளேயே அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெளியே வந்த சின்ன இருமல். குண்டு மிளகாய் நெடி சும்மா விடுமா, பக்கத்து வீட்டுக்காரி இருமியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். ஆனால் சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. அடுப்புக்கு நேர் பின்னால், சுவரிலிருந்து வந்தது.

அந்தச் சுவரில் புது ஸ்டிக்கர் ஒட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடியில் இருந்தவை எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய வெள்ளை டைல்ஸ். ஆனால் பிசுக்கை மறைக்க யாரும் ஒட்டவில்லை. அந்த டைல்ஸ் முழுக்க மகள் செவ்வந்தியின் பொட்டுகள் இருந்தன. காலேஜ் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்படிக் குழாயில்தான் முகம் கழுவுவாள். கழுவுமுன் நெற்றிப் பொட்டைப் பிய்த்துக் கைக்கெட்டிய டைல்ஸில் அப்புவாள். மறுநாள் புதுப் பொட்டு. கழுதை, ஒன்றையாவது திரும்ப எடுத்து வைத்தாளா? கறுப்பும் மெரூனுமாகச் சுவர் நிறைந்து போனது. முருகலட்சுமி அதற்காகத் திட்டாத நாளில்லை.

போன ஐப்பசியில் செவ்வந்தி காய்ச்சலென்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி, "அம்மா, இத எடும்மா, மூச்சு முட்டுது" என்றாள். எடுக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் முருகலட்சுமி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடிவதற்குள் கை தானாகத் தளர்ந்துவிட்டது. பெற்றவள் இதைத் தாங்கிக்கொண்டு எப்படி உலை வைப்பாள், சொல்லுங்கள். அடுப்பு மேடையில் சாய்ந்து பொட்டுகளையே பார்த்தபடி பொழுதெல்லாம் நின்றாள். உக்கிரபாண்டி சொல்லிப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார். கடைசியில் பரமக்குடி போய் நீலப்பூப் போட்ட ஸ்டிக்கர் சுருளோடு வந்தார்.

"பொட்ட எடுக்கக் கூடாது" என்றாள்.

"மேடு தட்டும் முருகு. கடைக்காரன் சுத்தமாச் சொரண்டிட்டு ஒட்டச் சொல்லிருக்கான்."

"அது மேலயே ஒட்டுங்க. ஒங்க கண்ணுக்குத் தெரியாது. நான் தடவிப் பாத்துக்குறேன்."

அவர் பொட்டுகளின் மேலேயே ஒட்டினார். பின்தாளை உரிக்க உரிக்க, ஸ்கேலை அழுத்தி மேலிருந்து கீழாக இழுத்து, உள்ளே நின்ற காற்றையெல்லாம் வெளியேற்றினார். இந்த ஊர் உப்புக்காற்று எந்தப் பசையையும் தின்றுவிடும் என்பதால் நாலு ஓரத்திலும் அகல டேப் போட்டு, இண்டு இடுக்கு விடாமல் அடைத்தார். முடித்துவிட்டுச் சட்டைக் காலரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவள் வழக்கம்போல விரலால் மேடுகளைத் தடவினாள். ஒவ்வொன்றும் சூடாக இருந்தது. அடுப்புச் சூடுதான் என்று கையை நகர்த்தி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில், குழாய்க்கு மேலே தொட்டாள். அங்கேயும் சூடு. உடம்புச் சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் உள்ளங்கைக்குத் தெரியுமே, அந்தச் சூடு. அவளுக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றைக்கெல்லாம் வேலைக்கு நடுவே நடுவே வந்து தொட்டுவிட்டுப் போனாள்.

பொழுது சாயும் நேரம் கரண்ட் போனது. மின்விசிறியும் ஃபிரிட்ஜும் அடங்கியதும், அதுவரை அவற்றின் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் தனியாக வெளியே வந்தது. புதுச்சட்டையின் பாலிதீன் உறையைக் கசக்கினால் வருமே, அதுபோல மெதுவாக, நின்று நின்று, சரக் சரக்கென்று. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் அவள் சுவரைப் பார்த்தாள். செவ்வந்தியின் உயரத்தில் ஒரு நீலப்பூ உப்பியது. பிறகு அமுங்கியது. மறுபடி உப்பியது.

"செவ்வந்தி?"

பூ படக்கென்று உள்ளே குழிந்தது. டைல்ஸ் இருக்க வேண்டிய ஆழத்தையும் தாண்டிக் குழிந்தது. வாய் திறந்த அளவுக்கு ஒரு பள்ளம். அதன் மேல் ஸ்டிக்கர் விறைத்து நின்றது. இழுத்தது. இழுக்க முடியவில்லை.

அவள் கூப்பிட்ட சத்தத்தில் உக்கிரபாண்டி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"காத்து நிக்கிது முருகு. வேற ஒண்ணுமில்ல" என்று உள்ளங்கையைப் பள்ளத்தின்மேல் வைத்து அழுத்தினார்.

அழுத்தியவர் அப்படியே நின்றார். மெல்லக் கையை எடுத்தார். அதைப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

"அவளுக்கு மூச்சு முட்டுதுங்க."

கத்தி கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. கீறினாள்.

அனல்காற்று முகத்தில் அடித்தது. மருந்து வாடை. கீறலுக்குப் பின்னால் டைல்ஸ் இல்லை. இருட்டு மட்டும். அந்த இருட்டு அவள் முகத்தருகே இருந்த காற்றை இழுத்தது. திணறியது. மறுபடி இழுத்தது. போதவில்லை.

இந்தத் தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. கீறலில் வாயை வைத்தாள். ஊதினாள்.

வாங்கிக்கொண்டது.

இன்னொரு மூச்சு. அதையும் வாங்கிக்கொண்டது. இன்னொன்று. சுவருக்குள் திணறல் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. அவளுக்குக் கண் இருட்டியது. ஆனாலும் எடுக்கவில்லை. எடுக்க விடவும் இல்லை. உள்ளிருந்து அவள் உதட்டை அது கவ்வியிருந்தது.

தோளைப் பிடித்துப் பிய்த்து எடுத்தது உக்கிரபாண்டிதான். அவர் முகமெல்லாம் கண்ணீர்.

"நீ கொஞ்சம் ஒக்காரு. நான் குடுக்குறேன்."

அவர் குனிந்து வாயை வைத்தார். கன்னம் உப்பியது, ஒட்டியது, உப்பியது. முருகலட்சுமி மேடைக்கடியில் சரிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிள்ளைக்கு அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிக் கொடுத்தால் போதும், விடிய விடியக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சரக்.

தலைக்கு மேல். செவ்வந்தியின் கை ஒருநாளும் எட்டியிராத மேல் வரிசையில் ஒரு பூ குழிந்தது. பிறகு குழாய்க்கு அந்தப் பக்கம். பிறகு சிலிண்டருக்குப் பின்னால், தரையோரமாக, தவழும் பிள்ளை உயரத்தில். ஒன்றையடுத்து ஒன்றாகச் சுவர் முழுக்கப் பள்ளங்கள் திறந்தன. எல்லாம் இழுத்தன. எல்லாம் திணறின.

உக்கிரபாண்டியின் கால்கள் உதறிக்கொண்டிருந்தன. அவர் தலை சுவரைவிட்டுப் பின்னால் வரவில்லை.

முருகலட்சுமி கத்தியோடு எழுந்து நின்றாள். இத்தனை வாயில் எது தன் மகளுடைய வாய் என்று அவளுக்குத் தெரியவில்லை.