சாம்பலாகாத சாட்சி

கரிக்குவியலுக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

கரியைப் போலவே கறுத்த கை. ஐந்து விரல்களும் அப்படியே!

இன்ஸ்பெக்டர் மலர்விழி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குனிந்தாள். வெள்ளிமலையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சொகுசு விடுதியின் தோட்டம் அது. வாசலில் ஆளுயரப் பலகை. 'பூஜ்யக் கார்பன் தோட்டம். இங்கே பூமி மூச்சு விடுகிறது.'

பலகைக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த எஃகு வாட்ச்தான் பிணத்தின் பெயரைச் சொன்னது. சுபாஷ். வயது இருபத்தேழு. இந்தத் தோட்டத்தால் எவ்வளவு கார்பன் காற்றில் சேர்கிறது, எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட வந்த பையன். ஒரு வாரமாக ஆளைக் காணோம். பெங்களூரு போயிருக்கிறான் என்று தோட்டத்தை வடிவமைத்தவன் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

போன் அடித்தது. டி.எஸ்.பி.

"அந்தக் கரி மூட்டக்காரனைத் தூக்கியாச்சா?"

"விசாரிச்சிகினு இருக்கேன் சார்."

"இன்னாத்த விசாரிக்கிற? கட்டையை அடுக்குனது அவன். நெருப்பு வெச்சதும் அவன். நாளைக்குத் தோட்டத்துக்குத் திறப்பு விழா. பன்னண்டு மணிக்கு அவன் லாக்கப்புல இருக்கணும்."

மணி பத்தரை.

ஒன்றரை மணி நேரம்... அதற்குள் வேறொருவன் சிக்காவிட்டால் கரி மூட்டக்காரன் வீரமணியின் வாழ்க்கை ஜெயிலில் முடியும்!

அவன் களமருதூர்க்காரன். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரி எடுப்பவன். மூட்டத்தைப் பிரித்துக் கையைப் பார்த்ததும் ஸ்டேஷனுக்குப் போன் செய்தவனும் அவன்தான். ஆனால், போன வாரம் சுபாஷ் அவனிடம் வந்து, மூட்டத்துப் புகையையும் கணக்கில் சேர்ப்பேன் என்று சொல்லப்போக, இருவருக்கும் ஊர் பார்க்கச் சண்டை. அன்று மாலையிலிருந்து சுபாஷைக் காணவில்லை. மறுநாள் காலையில் வீரமணி மூட்டத்துக்கு நெருப்பு வைத்திருக்கிறான்.

வேப்பமரத்தடியில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த அவன் தலையைத் தூக்கவேயில்லை. அவன் மனைவி கண்ணகி முந்தானையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். துடைக்கத் துடைக்க அது பரவியது. மலர்விழிக்கு என்னவோ போலிருந்தது.

அப்போதுதான் தமிழழகன் வந்தான்.

இந்தத் தோட்டத்தின் நிலவடிவமைப்பாளன். நாலைந்து விருது வாங்கியவன். கதர்ச் சட்டை, மூங்கில் பிரேம் போட்ட கண்ணாடி, தோளில் சணல் பை. இறங்கியதோ லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தராத வெளிநாட்டுக் கார்! கான்ஸ்டபிள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நீட்ட, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுத்தான்.

பிறகு மலர்விழிக்கு வகுப்பெடுத்தான். செடி கொடியெல்லாம் காற்றிலுள்ள கார்பனைச் சாப்பிடுகிறதாம். அதைக் கரியாக்கி மண்ணில் புதைத்தால் நூறு வருடம் வெளியே வராதாம். இதைப் பற்றி அவன் புத்தகமே எழுதியிருக்கிறானாம்.

மலர்விழி தலையாட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். பாதையெங்கும் கப்பலில் வந்த கல். பெங்களூரிலிருந்து ஏ.சி. லாரியில் வந்த புல். ட்ரெய்லரில் படுத்துக்கொண்டு மலையேறிய நாற்பது அலங்காரப் பனை. இவற்றுக்கு இடம் வேண்டும் என்று வெட்டிய கடுக்காய் மரங்கள்தாம் மூட்டத்தில் கரியாகிக் கிடந்தன.

'பூமி இங்கே மூச்சு விடவில்லை. மூச்சுத் திணறுகிறது!'

"பூஜ்யக் கார்பன் சர்ட்டிபிகேட் வந்துடுச்சா சார்?"

"நாளைக்கு மேடையில கொடுப்பாங்க மேடம்."

"சுபாஷ் கையெழுத்துப் போடலியாமே? அவங்க ஆபீஸ்ல இப்பதான் கேட்டேன். கணக்கு பொய், போடமாட்டேன்னு எழுதிட்டானாம்."

தமிழழகன் அசரவில்லை. சின்னப் பையன், பேசிச் சரிசெய்திருப்பேன் என்றான். வீரமணியைக் கண்ணால் காட்டினான்.

"முரட்டு ஜனங்க மேடம். நல்லவேளை, இன்னிக்கே பிரிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எல்லாம் சாம்பலாகியிருக்கும். உங்களுக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது."

கண்ணகி அழுகையை நிறுத்தினாள்.

"சாம்பலா?" என்றாள். "இன்னா சார் பேசறீங்க? சாம்பலாப் போச்சுன்னா நாங்க எதை மூட்டை கட்டுறது? காத்தை அடைச்சிட்டா எதுவும் எரியாது சார், வேகத்தான் செய்யும். ஒருவாட்டி புளியங்கா ஒண்ணு உள்ள மாட்டிகிச்சி. ஓடு, நரம்பு, கொட்டை அல்லாம் அப்படியே கரியா வந்துச்சி. ஒருத்தனை ஒழிச்சிக்கட்டணும்னா எங்க வூட்டுக்காரர் போயும் போயும் மூட்டத்துலயா வெப்பாரு?"



மலர்விழியின் மூளைக்குள் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது. கரி போடுகிறவனுக்கு உள்ளே வைத்தது அழியாது என்று தெரியும். சாம்பலாகிவிடும் என்று நம்பியவன்தான் பிணத்தை அங்கே வைத்திருக்கிறான்! அப்படி நம்பியவன்... பிணத்தை மட்டுமா வைத்திருப்பான்?

"ஜீவா, அந்தக் கரி மொத்தத்தையும் தார்ப்பாய்ல கொட்டு. முறத்துல போட்டுப் பொடைச்சிப் பாரு."

கான்ஸ்டபிள் ஜீவா புடைத்தான். பத்து நிமிடம்... இருபது நிமிடம்... தமிழழகன் மூன்று முறை மணி பார்த்தான்.

"மேடம்!"

முறத்தில் கருகிய துணி. நெசவு கலையாமல் மடிப்போடு கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஏழு சின்ன வட்டங்கள். கொட்டாங்கச்சியில் செய்த பட்டன்கள்! கரியாகியிருந்தாலும் விளிம்புகூடச் சிதையவில்லை. ஒவ்வொன்றிலும் செதுக்கிய மூன்று இலை, நடுவில் 'த'.

மலர்விழி தமிழழகனின் மார்பைப் பார்த்தாள்.

அங்கேயும் ஏழு பட்டன். மூன்று இலை. நடுவில் 'த'.

"அது... அது சுபாஷோட சட்டையா இருக்கும். நான்தான் அவனுக்கு ஒண்ணு கொடுத்தேன்..."

"சுபாஷ் போட்டிருந்தது இன்னும் அவன் ஒடம்புலதான் ஒட்டிகினு கெடக்கு. அதுல இரும்புப் பட்டன். யாரோ ரத்தக்கறைச் சட்டையைக் கழட்டி, சுருட்டி, கூடவே சொருகியிருக்காங்க." மலர்விழி ஒரு கரிப் பட்டனை விரல் நுனியில் ஏந்திக் காட்டினாள். "பிளாஸ்டிக்கா இருந்திருந்தா உருகிக் காணாமப் போயிருக்கும் சார். நீங்க இயற்கைவாதி. மாட்டிகினீங்க."

மூங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் சுருங்கின.

பிறகு எல்லாம் கொட்டியது. கையெழுத்துக்காக அவன் கெஞ்சியிருக்கிறான். மிரட்டியிருக்கிறான். சுபாஷ் சிரித்தானாம், அதைத்தான் தாங்க முடியவில்லையாம். கப்பலில் வந்த கல்லாலேயே மண்டையில் ஒரு அடி! அடுக்கித் தயாராயிருந்த மூட்டத்தின் பின்பக்கம் நாலு கட்டையை உருவி, உடம்பையும் சட்டையையும் திணித்து, மறுபடி மண் பூசியிருக்கிறான். மேடைப் பேச்சும் புத்தகமும் சுபாஷ் எழுதிக் கொடுத்தவை. அவற்றை இவன் ஒருநாளும் ஒழுங்காகப் படித்ததில்லை.

மணி பதினொன்று ஐம்பது.

வீரமணியின் விலங்கு கழன்று தமிழழகனின் கைக்கு மாறியது. கண்ணகி புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். இருவரையும் ஜீப்பில் வீட்டில் விட்டு வரச் சொல்லி மலர்விழி டிரைவரை அனுப்பினாள்.

தமிழழகன் அந்த நிலையிலும் நிமிர்ந்து நின்றான். "என் கார்லயே ஸ்டேஷனுக்கு வந்துடறேன் மேடம். எனக்கும் ஒரு கௌரவம் இருக்கு."

"அய்யய்யோ, ஒரே ஒரு ஆளுக்கு அவ்ளோ பெரிய காரா? பன்னண்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் வருது, நின்னுகினே போயிடலாம்" என்றாள் மலர்விழி. "கார்பன் கம்மி சார்."