யாரைக் கேட்டு என்னை வரைந்தீர்கள்?

பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று வந்த கோபம் மூக்கு, நெற்றி, உச்சந்தலை எல்லாவற்றையும் தாண்டிப் போனது.

காரணம், அம்மா வேலை செய்யும் இடத்தின் சுவர். வீடியோ கேமுக்கு விதவிதமான ஜந்துக்களை வரைவதுதான் அம்மாவின் வேலை. ஒரு கேமில் இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. மூன்றாம் பாகத்துக்கு வேலை மும்முரம். பள்ளி விடுமுறை என்பதால் பெரியவளையும் கூட்டிவந்திருந்தார்.

சுவர் முழுக்க ஒரு புது ஜந்துவின் படங்கள். இடுப்பில் இரண்டு கைகள். புடைத்த மூக்கு. பிதுங்கிய கீழுதடு. தரையை உதைக்கத் தூக்கிய ஒரு கால். பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு.

எங்கோ பார்த்த மூஞ்சியாக இருக்கிறதே என்று கிட்டே போனாள். படங்களுக்குக் கீழே புகைப்படங்கள். அத்தனையிலும் அவள்தான்! அவள் கோபமாக நின்றபோதெல்லாம் அம்மா செல்போனில் எடுத்தவை.

"அம்மா! இது நானா?"

அறையிலிருந்த ஓவியர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஓர் ஓவியர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உடனே மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு சிரித்தார்.

"கோச்சுக்காதடி," என்றார் அம்மா. "நிஜத்தைப் பார்த்து வரைஞ்சாதான் படத்துல உயிர் இருக்கும். புலியை வரையறதுக்குப் பூனையைப் பார்ப்போம். கோபத்தை வரையறதுக்கு..."

"என்னைப் பார்ப்பியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பெரியவள் சுவரிலிருந்த ஜந்துவைக் காட்டினாள்.

"இது என்ன பண்ணும்?"

"கண்ணுல படுறவங்களை எல்லாம் கடிக்கும்மா," என்றார் தலைமை ஓவியர். "குகை வாசல்ல நிக்கும். அதை அடிச்சுப் போட்டாதான் உள்ள போக முடியும்."

பெரியவளுக்குக் காது சுட்டது. கேம் வந்ததும் பள்ளிக்கூடமே விளையாடும். கண்ணில் பட்டவர்களைக் கடிக்கிற ஜந்து என்று எல்லோரும் அவளையே கூப்பிடுவார்கள்.

"அழிச்சிடுங்க!"

"மூணு மாச வேலைடி. எப்படி அழிக்கறது?" என்றார் அம்மா.

பெரியவள் ஒரு புகைப்படத்தைச் சடாரென்று பிய்த்தாள். "இது எப்போ எடுத்தது, சொல்லு."

"ஊஞ்சல் கிட்ட..."

"தம்பியை ஒரு தடியன் ஊஞ்சல்லேர்ந்து தள்ளிவிட்டான். நான் குறுக்கே போய் நின்னேன். அப்போ எடுத்தே." இன்னொரு புகைப்படத்தைக் காட்டினாள். "இது?"

அம்மா தலை குனிந்துகொண்டார்.

"என் நாடகத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு நீ வரல. நான் கோபமா இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தே. நான் யாரையாவது சும்மா கடிச்சிருக்கேனா?"

மேசைக்கு அடியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தலைமை ஓவியர் தாடையைத் தடவினார். "உண்மையைச் சொல்றேன். விளையாடிப் பார்த்தவங்க எல்லாரும் இதை ஒரே நிமிஷத்துல அடிச்சுப் போட்டுட்டு மறந்துட்டாங்க. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல."

"அதுக்கு எதுக்குக் கோபம்னு உங்களுக்கே தெரியாதே, மாமா!"

அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, ஜந்துவின் காலுக்குப் பின்னால் ஒரு குட்டியை வரைந்தாள். முட்டைக்குக் கண் வைத்ததுபோல் இருந்தது.

"இதைத் தொட வந்தா கடிக்கும். தொடாம போனா தள்ளி நின்னு வழி விடும்."

தலைமை ஓவியர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அட!" என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தவர் இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குட்டிக்கும் நடை, ஓட்டம் எல்லாம் தனியா வரையணும். வேலை ரெட்டிப்பாயிடும். குட்டியை விட்டுடலாமே..."

"குட்டி இருக்கணும்!"

பெரியவளின் கைகள் இடுப்புக்குப் போயின. மூக்கு புடைத்தது. கீழுதடு பிதுங்கியது. ஒரு கால் மேலே எழுந்தது.

அறையிலிருந்த பென்சில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காகிதத்தை நோக்கிப் பாய்ந்தன. அம்மாவின் பென்சில் மட்டும் பாதியில் நின்றது. அதைப் பார்த்து மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன.

"வரையலாமா?" என்று கேட்டார் அம்மா.

வேண்டாம் என்று சொன்னால் அம்மா இப்போது சுவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியவள் எல்லோரையும் நன்றாகக் காக்க வைத்தாள்.

"ம்ம்," என்றாள், தூக்கிய காலை இறக்காமலே. "குட்டியோட சேர்த்து வரைங்க. சீக்கிரம், கால் வலிக்குது."