ஒன்பது வருடம் பூக்காத மரம்

திங்கட்கிழமை, காலை 9.10.

“கொலைன்னு போன்ல சொன்னீங்க. பிணம் எங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் அந்தப் பெண், தான் வசிக்கும் மூன்று மாடிக் குடியிருப்பின் முன்வாசலைக் காட்டினாள். முழங்கால் உயரத்தில் ஓர் அடிமரம். சுற்றிலும் மரத்தூள், கொஞ்சம் சுள்ளி, இலை. மற்றதெல்லாம் லாரி ஏறிப் போயிருந்தது.

“மரமா?” இன்ஸ்பெக்டருக்குத் தலை வலித்தது. ஸ்டேஷனில் பதினோரு திருட்டு வழக்குகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

“ஒன்பது வருஷம் மேடம். மயில்கொன்றைன்னு சொல்லித்தான் கன்னு வாங்கி நட்டேன். நேத்து மூணாவது மாடி வீட்டுக் கல்யாணம். ரெண்டு மணிக்கு மொத்தப் பேரும் கிளம்பினோம். ஆறு மணிக்கு வந்தா இப்படி.”

“யார் மேல சந்தேகம்?”

“எல்லார் மேலயும்.”

“ரொம்பச் சௌகரியம்.”

9.40. முதல் மாடிப் பாட்டு வாத்தியார்.

“மரத்தோட என்ன சண்டை?”

“இலையோடதான் சண்டை. குழாய் அடைச்சுக்கும். சிவப்பாப் பூத்துக் குலுங்கும்னாங்க. ஒரு மொட்டு கிடையாது. மலட்டு மரம்னு என் சம்சாரம் சொல்லுவா.”

வரைபடக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அந்தச் சொல் யாருக்கானது என்று அவளுக்குத் தெரியும்.

“நேத்து எங்க இருந்தீங்க?”

“கல்யாணத்துல பாடிட்டு இருந்தேன். இருநூறு பேர் கேட்டாங்க.”

“பாவம்,” என்று எழுதிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

10.05. கீழ்த்தளப் பல் டாக்டர். அவருடைய பெயர்ப்பலகை இப்போது தெருமுனை வரை பளிச்சென்று தெரிந்தது.

“நான் ஒரு வாரமா வெளியூர். இன்னைக்குக் காலையிலதான் வந்தேன். போனது நல்லதுக்குத்தான். அந்த ஊதாப் பூவெல்லாம் படியில கொட்டினா வர்றவங்க வழுக்கி விழுவாங்க.”

அதையும் எழுதினார். கை வலித்தது.

10.30. புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம்: ‘மரத்தின் இனம், நிபுணர் சான்றுடன்.’

“இதுக்கு ஒரு கட்டமா? சனியன்!” என்று முணுமுணுத்தபடி நர்சரிக்காரரை வரவழைத்தார்.

11.15. நர்சரிக்காரர் ஒரு சுள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மயில்கொன்றை இல்ல மேடம். அதுல காம்பு மாத்தி மாத்தி முளைக்கும். இதுல எதிரெதிரா, ஜோடியா இருக்கு. நுனி இலையும் கூரா இருக்கு பாருங்க. இது ஜகரண்டா. கன்னுல ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி, விக்கிறவனே ஏமாந்துடுவான். விதைக்கன்னா இருந்தா பூக்கப் பத்து வருஷம்கூட ஆகும்.”

“பூத்தா சிவப்பா?”

“ஊதா.”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். படித்தார். தன் மேலேயே கோபம் வந்தது.

11.30. எல்லோரும் அடிமரத்தைச் சுற்றி நின்றார்கள்.

“டாக்டர், நட்டவங்களே இது சிவப்புன்னு நம்பியிருக்காங்க. மரம் பூத்ததே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. ஊதான்னு சொன்ன ஒரே ஆள் நீங்க. எப்படித் தெரியும்?”

“எங்கயோ படிச்சிருப்பேன்.”

“எதைப் பத்தி? மரத்தோட பேரே கால் மணி நேரம் முன்னாடிதான் எங்களுக்குத் தெரியும். முதல் பூ உச்சியில வந்திருக்கு. மூணு மாடிக்கும் மேல உசரம், யார் வீட்டுல இருந்தும் தெரியல. மரம் சாய்ஞ்சப்ப பக்கத்துல நின்னவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். வெளியூர் போனதாச் சொன்ன நீங்க நேத்து மதியம் ரம்பத்தோட இங்கதான் இருந்தீங்க. உங்க பலகை தெரியணும், அவ்வளவுதானே?”

டாக்டரின் பார்வை தன் பலகைக்குப் போனது.

“எத்தனை கொத்து?” என்று மெல்லக் கேட்டாள் வரைபடக்காரி.

“மூணு,” என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார் அவர். காலம் கடந்துவிட்டது. கான்ஸ்டபிள் அவர் தோளில் கை வைத்தார்.

“வேர் உயிரோட இருக்கும்மா. துளிர்க்கும்,” என்றார் நர்சரிக்காரர்.

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. டாக்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

“பெரிய கொத்தா? நல்லா விரிஞ்சிருந்துச்சா?”

ஜீப் தயாராக இருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் குறுக்கிடவில்லை.

“ஆமா,” என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி. “நல்லா விரிஞ்சிருந்துச்சு.”