இளஞ்சிவப்புக் குடுவை

தங்கையின் வெள்ளைக் கோட்டை வாங்கிப் போகத்தான் அக்கா அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நல்ல மதிய நேரம். நடைவழியெங்கும் ஸ்பிரிட் வாடை. எங்கோ ஒரு குளிர்பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

கோட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அக்கா தைத்ததுதான். தங்கைக்கு இடது கைப் பழக்கம். அதனால் பையை வலது மார்பில் வைத்திருந்தாள். தைத்துக் கொடுத்த அன்று இருவரும் பேசியது நினைவுக்கு வந்தது.

"நம்ம வீட்டுலயே முதல் டிகிரி நீ. உன் கோட்டும் யாரோடயும் ஒத்துப்போகாதுடி."

"ஆராய்ச்சி முடியட்டும்க்கா, அடுத்து மருத்துவம்தான். அப்பவும் நீதான் தைக்கணும்."

பேராசிரியர் பரிவாகத்தான் பேசினார். "கெட்டிக்காரப் பொண்ணும்மா. கொஞ்சம் கவனக்குறைவு. செல்லை உறைய வைக்கிற நைட்ரஜன் ரூம்ல கசிவு இருந்தா காத்து குறையறதே தெரியாது, மயங்கி விழுந்து உயிரே போயிடும். அவதான் பாத்துப் போயிருக்கணும்."

பிறகு செல் வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்து காட்டினார். செல்களுக்கு ஊட்டும் இளஞ்சிவப்புத் திரவத்தை மாற்றாமல் விட்டால் மஞ்சளாகிவிடுமாம். எல்லாக் குடுவைகளும் மஞ்சள். ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு.

"இது அவ வளர்த்தது. தினமும் யாரோ திரவம் மாத்துறாங்க. வீட்டுல யார்கிட்டயாவது சாவி கொடுத்திருந்தாளா?"

"இல்ல சார்."

"சரி, எனக்கு நல்லதுதான். கட்டுரை என் பேர்ல வந்துடும்."

நைட்ரஜன் அறைக் கதவருகே சுவரில் ஒரு சிறு பெட்டி. விளக்கில்லை. ஒயர் அறுந்து தொங்கியது.

"அது என்ன சார்?"

"காத்து குறைஞ்சா அலறுற மணி. சும்மா சும்மா கத்தி உயிர வாங்குச்சு. நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

"அவ போறதுக்கு முன்னாடியா?"

அவர் அறுந்த ஒயரைப் பெட்டிக்குப் பின்னால் செருகினார்.

அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக்.

நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூடத் தங்கை அப்படித் தட்டிவிட்டுத்தான் எடுப்பாள். குடுவையைத் தட்டித் தட்டி வந்த பழக்கம். "தூங்குற செல்லை எழுப்பிட்டுத்தான் தொடணும்க்கா" என்று சிரிப்பாள்.

"யாரு உள்ள? யாரு என் செல்லைத் தொடறது?" கதவைத் தள்ளிக்கொண்டு பேராசிரியர் போனார். வெண்புகை அவர் காலைச் சுற்றியது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டை மடியில் வைத்து நிதானமாக மடித்தாள்.

உள்ளே கனமாக ஏதோ விழுந்தது.

நேரம் போனது. குளிர்பெட்டி முனகியது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒயர் அறுந்த மணி அலறத் தொடங்கியது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். அக்கா எழுந்து வழிவிட்டாள்.

"போலாமா?" என்று மடித்த கோட்டிடம் மெதுவாகக் கேட்டாள்.

கோட்டின் இடது கை முனை ஈரமாக இருந்தது.

இளஞ்சிவப்பு ஈரம். இன்னும் வெதுவெதுப்பாக.