நகராத துரை

துரை என்பது மனிதரில்லை, குதிரை. சேலத்தில் ஏழு வருஷம் ஜட்கா வண்டி இழுத்தது. ஆட்டோக்கள் பெருகியதும் வண்டிக்காரர் அதை விற்றுவிட, சிறுமி கண்ணாயியின் அப்பா பெரியண்ணன் வாங்கி, மலைப்பாதையில் நடத்தியே ஏற்காட்டுக்குக் கூட்டி வந்தார். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சவாரி விட வேண்டும் என்பது அவர் திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. துரைதான் நகரவில்லை.

வெறும் முதுகோடு நன்றாக நடக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால் போதும், நட்டுவைத்த கல் மாதிரி நின்றுவிடும். அப்பா நாக்கைச் சொடுக்கினார், தட்டிக்கொடுத்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். ம்ஹூம். மூன்றே நாளில் இந்தச் சங்கதி ஒண்டிக்கடை கடைவீதி வரை பரவி, வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது.

"ஞாயித்துக்கெழமையும் நகரலீன்னா, சேலத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் உட்டுர்றேன் கண்ணு. வேற வழியில்ல," என்றார் அப்பா.

கண்ணாயிக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் புல் நீட்டினால், விரலில் பல் படாமல் பதமாக வாங்கித் தின்னும் குதிரை அது. இது சும்மா அடம் பிடிக்காது, எதற்கோ காத்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அப்படி எதற்கு? முன்பு சேலம் போனபோது ஜட்காவில் ஏறியது முதல் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் துரைமேல் ஏறினார். வழக்கம்போல அது நின்றது. கூட்டம் சிரித்தது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கண்ணாயி குதிரையின் பக்கத்தில் போய் நின்று உரக்கச் சொன்னாள்:

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க."

கண்ணாடிக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். "நான் ஒருத்தன்தானேம்மா இருக்கேன்?"

துரையின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி அது விறுவிறுவென்று நடக்கத் தொடங்கியது.

விஷயம் இவ்வளவுதான். ஜட்காவில் பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி பின்னால் சாயும். அதனால் ஆட்கள் ஏறியதும் வண்டிக்காரர் இதைச் சொல்லித்தான் கிளப்புவார். அதைக் கேட்காமல் கிளம்பக் கூடாது என்று துரை ஏழு வருஷமாகப் பழகியிருந்தது.

அப்பா கயிற்றைப் பிடித்தபடி கூடவே ஓடினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. "நிறுத்தோணும்னா என்ன கண்ணு சொல்லோணும்?"

அது கண்ணாயிக்கும் தெரியாது.

"மெதுவாக் கண்டுபிடிக்கலாம்ப்பா," என்றாள். "தொர இனி எங்கியும் போகாதுல்ல?"